ஈரமரத்தில் எழும் தச்சுப்பட்டறை

மேசை செய்பவர் நன்றாகக் காய்ந்த மரத்தைத் தேடி அலைவார். அவரே தம் வீட்டருகில் மரச்சட்டகத்தால் ஒரு பட்டறை கட்ட முனைந்தால், பெரும்பாலும் ஈரம் மாறாத மரத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கும். 200 மி.மீ. தடிமனுள்ள தூண் நடுப்பகுதி வரை காயப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை யாரும் காத்திருப்பதில்லை. கட்டடம் எழுந்தபின், நின்ற நிலையிலேயே மரம் காய்கிறது, சுருங்குகிறது. ஆணியோ திருகோ இல்லாத பொருத்துகள் அப்போதும் தளராமல் இருப்பது எப்படி?

தூணில் உளியால் துளை எடுக்கிறோம். உத்திரத்தின் முனையைச் செதுக்கி, அந்தத் துளைக்குள் நுழையும் கழுந்தாக ஆக்குகிறோம். இரண்டையும் ஊடுருவி ஒரு மரமுளையை அடிக்கிறோம். கழுந்தும் துளையும் சேரும் இந்தப் பொருத்து மிகப் பழையது. கிழக்கு ஜெர்மனியில் அகழ்ந்தெடுத்த, 7000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கிணறுகளின் மரச்சுவர்களிலேயே இது இருக்கிறது.

மரத்தில் நீர் இரண்டு இடங்களில் தங்குகிறது. செல்களின் உட்குழிவில் இருப்பது முதலில் வெளியேறும். அதனால் எடை குறையுமே தவிர அளவு மாறாது. ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது செல்சுவர்களில் ஊறியிருக்கும் நீர் போகத் தொடங்குகிறது. சுருக்கம் அங்கேதான் ஆரம்பம். ஆனால் அது எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் நிகழ்வதில்லை. செல்சுவரின் நுண்ணிழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் ஓடுவதால் நீளம் 0.1 முதல் 0.2 சதவீதமே குறையும். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 4 சதவீதம், ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 8 சதவீதம் குறையும். இனத்துக்கு இனம் இது மாறும். இவை மரம் முற்றிலும் உலர்ந்தால் வரும் கணக்கு. குடியிருக்கும் கட்டடத்தில் கொஞ்சம் ஈரம் எப்போதும் தங்கிவிடுவதால், உண்மையில் இதில் பாதியளவுதான் நேரும்.

இப்போது முளைக்கு வருவோம். தூணில் முளைத்துளையை முதலில் போட்டுவிட்டு, கழுந்தைச் செருகி, துளையின் மையத்தை அதன்மேல் குறித்துக்கொண்டு வெளியே எடுப்பார்கள். கழுந்தில் துளையிடும்போது அந்தக் குறியில் இடுவதில்லை. உத்திரத்தின் தோளை, அதாவது கழுந்து தொடங்கும் படியை நோக்கி 2 அல்லது 3 மி.மீ. தள்ளி இடுவார்கள். மறுபடி செருகினால் இரண்டு துளைகளும் நேருக்கு நேர் நிற்காது. நுனி கூம்பிய முளையைக் கொட்டாப்புளியால் அடிக்கும்போது அது சற்றே வளைந்து நெளிந்து உள்ளே போகிறது. போகிற போக்கில் உத்திரத்தின் தோளைத் தூணின் முகத்தோடு இறுக்குகிறது. வளைந்த முளை ஒரு வில், அதன் இழுவிசை அடித்து முடித்ததும் தீர்ந்துவிடுவதில்லை.

முளை நிற்கும் இடமும் சும்மா வந்ததல்ல. அது தூணின் முகத்திலிருந்து 50 மி.மீ. உள்ளே இருப்பதாகக் கொள்வோம். தூண் குறுக்குவாட்டில் 3 சதவீதம் சுருங்கினால், அந்த 50 மி.மீ. தூரத்தில் இழப்பு 1.5 மி.மீ. மட்டுமே. தூண் எவ்வளவு தடித்தது என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. தள்ளிப்போட்ட 2, 3 மி.மீ. அந்த இழப்பை ஈடுகட்டிவிடுகிறது. முகத்துக்கு இன்னும் நெருக்கமாக முளையை வைக்கலாமே என்றால், துளைக்கும் முகத்துக்கும் இடையில் மரம் போதாமல் தூண் பிளந்துவிடும். முளை மட்டும் ஈரமாக இருக்கக் கூடாது. நன்கு காய்ந்த வன்மரத்தை வாளால் அறுக்காமல் நார்வாக்கில் பிளந்து செய்த முளையே உகந்தது. அறுத்ததில் நார்கள் பக்கவாட்டில் அறுந்து நிற்கும், வளைக்கும்போது அந்த இடத்தில் ஒடியும்.

புறாவின் வால்போல் நுனி அகன்று விரியும் புறாவால் பொருத்தை எல்லோரும் உறுதிக்கு அடையாளமாகச் சொல்வார்கள். மேசை இழுப்பறைக்கு அது சரி. ஈரமான விட்டத்தில் அதை நான் வைக்க மாட்டேன். வால் அகலத்தில் சில மில்லிமீட்டர் சுருங்கினாலே, அதன் சரிவு காரணமாக விட்டம் அதைப்போலப் பல மடங்கு வெளியே நழுவ முடியும். ஆப்பு வைத்துக் காப்பாற்றலாம், அதையும் அவ்வப்போது தட்டி இறுக்கவேண்டும். இரும்புத் தகட்டை இரண்டு வரிசை போல்ட்டுகளால் முடுக்குவது இன்னொரு வகையில் கெடுக்கும். தகடு சுருங்காது, மரம் சுருங்கும். இடையில் அகப்பட்ட மரம் பிளக்கும்.

தச்சுப்பட்டறைக்கு மரச்சட்டகம் பொருந்துவதன் காரணம், நடுவில் தூணில்லாமல் கிடைக்கும் இடம். 2.4 மீட்டர் நீளப் பலகையை மேசைரம்பத்தில் அறுக்க, வாளுக்கு முன்னால் 2.4 மீட்டரும் பின்னால் அதே அளவும் தடையின்றி வேண்டும். நடுவில் ஒரு தூண் நின்றால் அன்றாடம் எரிச்சல்தான். உயரமும் தேவை: 1.2 க்கு 2.4 மீட்டர் ஒட்டுப்பலகையை நிமிர்த்திச் சுழற்றினால் அதன் மூலைவிட்டம் 2.68 மீட்டர். விட்டம் அதற்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு முறையும் இடிக்கும்.

சிலர் இதற்காக விட்டத்தையே எடுத்துவிட நினைக்கிறார்கள். அங்கேதான் கூரை பழிவாங்கும். சாய்ந்து நிற்கும் இரண்டு கைமரங்கள் முகட்டில் ஒன்றையொன்று முட்டும்போது, அவற்றின் கால்கள் சுவர்களை வெளியே தள்ளுகின்றன. 45 பாகைச் சரிவில் ஒரு பக்கத் தள்ளுவிசை கூரையின் மொத்தப் பாரத்தில் கால் பங்கு. இரண்டுக்கு ஒன்று என்ற சரிவில், அதாவது சுமார் 27 பாகையில், அது பாதியாகிவிடுகிறது. கைமரக் கால்களை இணைக்கும் விட்டம்தான் அந்தத் தள்ளுதலை இழுத்துப் பிடிக்கிறது. விட்டத்தைக் கைமரத்தின் பாதியுயரத்துக்கு ஏற்றினால் தலைக்குமேல் இடம் கிடைக்கும், ஆனால் கைமரங்கள் வளையத் தொடங்கும். முகட்டில் ஒரு பெரிய உத்திரத்தை இரு கோடியிலும் தூண்கள்மேல் வைத்து, கைமரங்களை அதன்மேல் தாங்கவிட்டால் தள்ளுதல் அநேகமாக இல்லாமல் போகும். நான் இதைத்தான் விரும்புவேன். விலை என்னவென்றால் உத்திரத்தின் பருமன். ஒவ்வொரு மீட்டரிலும் ஒரே அளவான பாரம் பரவியிருக்கும் உத்திரத்தின் நீளம் இரட்டித்தால் தொய்வு 16 மடங்காகும். 150 க்கு 300 மி.மீ. கட்டையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்தாலே நான்கு மடங்கு விறைப்பு கிடைக்கும் என்பதால், ஆழத்தைக் கூட்டுவதே வழி. இறுதி அளவுகளைக் கட்டமைப்புப் பொறியாளர் சரிபார்க்கட்டும்.

தூணும் உத்திரமும் சேரும் மூலைகளில் சாய்வுக்கட்டைகள் வேண்டும். நாற்கரம் காற்றில் சாயும், முக்கோணம் சாயாது. அழுத்தத்தில்தான் அவை நன்றாக வேலை செய்யும் என்பதால் எதிரெதிராக இரட்டையாக வைக்கவேண்டும்.

கட்டைகள் எதுவும் துல்லியமான சதுரமாக வருவதில்லை. பழைய தச்சர்கள் ஒவ்வொரு பொருத்தையும் அதன் இணையோடு வைத்துப் பார்த்துக் குறித்து, எண் இட்டு வைப்பார்கள். பிறகு வந்த முறை நுட்பமானது: ஒவ்வொரு கோணல் கட்டைக்குள்ளும் சற்றுச் சிறிய, குறையற்ற கட்டை ஒன்று ஒளிந்திருப்பதாகக் கற்பனை செய்து, பொருத்து வரும் இடத்தில் மட்டும் அதன் பரப்பு வரை செதுக்குவது. பத்துச் சாய்வுக்கட்டைகளை ஒரே அளவில் வெட்டி எங்கு வேண்டுமானாலும் பொருத்தலாம்.

தூண்களை மண்ணிலிருந்து உயர்த்திய கல் அல்லது கான்கிரீட் மேடைமேல் நிறுத்துங்கள். தூணின் வெட்டுமுகம் நீரைப் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை அண்டாது. திறந்த சட்டகத்தில் ஒரு குறையும் உண்டு: விட்டங்கள், சாய்வுக்கட்டைகள் எல்லாவற்றின் மேற்பரப்பிலும் மரத்தூள் படியும். மரத்தூளை 1995 இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. ஆகவே தூள் உறிஞ்சும் குழாய்களின் வழியைச் சட்டகத்தை வரையும்போதே குறித்துக்கொள்ளவேண்டும்.

முதல் ஆண்டில் உள்ளே சூடேற்றும் கருவியை அதிகமாக ஓட்டாதீர்கள். வெளிப்புறம் வேகமாகக் காய்ந்து உட்புறம் ஈரமாகவே இருந்தால் மரம் வெடிக்கும். மெதுவாகக் காய்ந்தாலும், மையத்தை உள்ளடக்கிய கட்டைகளில் பரப்பிலிருந்து மையத்தை நோக்கிப் பிளவுகள் வரும். வளையப் போக்கில் சுருக்கம் இரு மடங்கு என்பதால் அது தவிர்க்க முடியாதது. நீளவாக்கில் ஓடும் அந்தப் பிளவுகள் வலிமையைப் பெரிதாகக் குறைப்பதில்லை. முளைத்துளையிலிருந்து கட்டையின் முனை வரை ஓடும் பிளவைப் பார்த்தால் மட்டும் பொறியாளரை அழையுங்கள்.