கன்னத்தில் இழுபட்ட கறுப்பு: வீட்டில் பிரிண்ட் எடுத்த படத்துக்கு மார்க்கர் தீட்டுமுன்

மட்டக்களப்பு நகரில் சிறிய அச்சுக்கடை ஒன்று நடத்துகிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் அதே கடையின் பின்னறையில் பிள்ளைகளுக்கு வரைதல் சொல்லிக்கொடுக்கிறேன். போன மார்கழி மழைக்குள் நடந்த ஒன்றுதான் இதை எழுத வைத்தது.

பதினான்கு வயதுப் பிள்ளை. அம்மம்மாவின் பிறந்தநாளுக்கு அவவின் படத்தையே நிறம் தீட்டிக் கொடுக்க ஆசை. போனில் இருந்த போட்டோவைக் கோட்டுப்படமாக மாற்றி, வீட்டுப் பிரிண்டரில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். சேலையை மட்டும் இரண்டு மணித்தியாலம் தீட்டினாள், அவ்வளவு நேர்த்தி. பிறகு முகத்துக்கு வந்தாள். கண்ணின் கீழ்க்கோட்டைத் தொட்டு மார்க்கரைக் கன்னத்துக்கு இறக்கியபோது, முனையோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு வால் இழுபட்டு வந்தது. அதை அழிக்க இன்னொருமுறை தேய்த்தாள். கன்னம் முழுக்கக் கரி பூசியதுபோல ஆகிவிட்டது.

"மிஸ், என்ட கை சரியில்ல" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

கை நன்றாகத்தான் இருந்தது. மார்க்கரின் முனையைப் பார்த்தேன்: தோல் நிற முனையின் நுனியில் கறுப்பு ஒட்டியிருந்தது. படத்தை எப்போது பிரிண்ட் எடுத்தாய் என்று கேட்டேன். வகுப்புக்கு வெளிக்கிட அரை மணித்தியாலத்துக்கு முன்னாம். கடதாசி, பளபளப்பான போட்டோ பேப்பர். பிழை அங்கேதான் இருந்தது, பிள்ளையின் கையில் இல்லை.

அவள் பாவித்தது அல்ககோல் மார்க்கர். அதன் மை என்பது அல்ககோலில் கரைத்த சாயம். அல்ககோல் ஒரு கரைப்பான். கீழே இருக்கும் அச்சு மை அதில் கரையக்கூடியதாகவோ, கடதாசியில் சரியாகப் பிடிக்காமலோ இருந்தால், மார்க்கர் அதைக் கிளப்பிக்கொண்டு போகும். எந்த விலை மார்க்கரானாலும் இதேதான்.

வீடுகளில் உள்ள, மையை ஊற்றி நிரப்பும் டாங்க் வகை இங்க்ஜெட் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, மற்ற மூன்று நிறங்களும் டை மை. டை என்பது கரைந்த சாயம், பிக்மென்ட் என்பது கரையாத நுண்ணிய துகள். சாதாரணக் கடதாசியின் நார்களைப் பிடித்துக்கொள்ளும், பூச்சுப் பூசிய வழுவழுப்பான கடதாசியில் மேலேயே தங்கிவிடும். இன்னொன்று, பலருக்குத் தெரியாது: பிரிண்டர் அமைப்பில் 'போட்டோ பேப்பர்' என்று தெரிவு செய்தால், பல பிரிண்டர்கள் கறுப்பு மையைத் தொடுவதே இல்லை, மற்ற மூன்று நிறங்களையும் கலந்து கறுப்பை உண்டாக்கும். மெல்லிய ஒரு கோட்டில் மூன்று மடங்கு ஈரம். அதன்மேல் அல்ககோல் பட்டால் கோட்டோரம் ஊதாவாகக் கசியும். அந்தப் பிள்ளையின் படத்தைச் சாய்த்துப் பார்த்தபோது, மூக்கின் ஓரத்தில் அந்த ஊதா தெரிந்தது.

ஆகவே கோட்டுப்படத்துக்கு 'சாதாரணக் கடதாசி', 'கறுப்பு மை மட்டும்' என்று தெரிவு செய்யுங்கள். தரத்தை உச்சத்தில் வைக்க வேண்டாம், நடுத்தரம் போதும். கடதாசி பூச்சில்லாத, மழமழப்பான 160 முதல் 200 ஜிஎஸ்எம் (கடதாசியின் கனத்தைச் சொல்லும் அளவு) அட்டையாக இருக்கட்டும். போட்டோகொப்பிக்குப் பாவிக்கும் 80 ஜிஎஸ்எம் கடதாசியில் மார்க்கர் மறுபக்கம் ஊறி, கீழே உள்ள மேசை வரை போகும்.

அப்புறம் காயவிடுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் அல்ல. நான் ஒரு முழு நாள் விடுவேன். ஐப்பசி முதல் தை வரை, வாவிப் பக்கத்துக் காற்றில் துணியே காயாத நாட்களில், இரண்டு நாள். அவசரமென்றால் ஹெயார் ட்ரையரைத் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டலாம். ஆனால் மார்க்கர் பூசிய ஈரத்தின்மேல் சூடு காட்டாதீர்கள், அல்ககோல் தீப்பிடிக்கும்.

"கொமினிகேசனில லேசர் பிரிண்ட் எடுத்தாப் பயமில்ல" என்று சொல்வார்கள். கொமினிகேசன் என்றால் போட்டோகொப்பிக் கடை. பாதி உண்மை. 1987இல் ஜப்பானில் கொபிக் என்ற அல்ககோல் மார்க்கர் வெளிவந்தபோது, போட்டோகொப்பியின் டோனரைக் கரைக்காத மை என்பதுதான் அதன் பெருமை. கொப்பி என்ற சொல்லிலிருந்தே பெயரும் வந்தது. டோனர் என்பது பிளாஸ்டிக் தூள், சூட்டில் உருகிக் கடதாசியில் ஒட்டுகிறது. நன்றாக உருகினால் பெரும்பாலும் மார்க்கர் அதை அசைக்காது. ஆனால் தடித்த அட்டையைப் போட்டுவிட்டு, அமைப்பைச் சாதாரணக் கடதாசியிலேயே விட்டால் சூடு போதாது, தூள் அரைகுறையாக ஒட்டும். நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள், உதிர்ந்தால் அந்தப் பிரிண்ட் வேண்டாம். கடைக்காரரிடம் 'தடித்த கடதாசி' அமைப்பில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நன்றாக ஒட்டியும் அல்ககோலில் இளகிய டோனர்களை நான் கண்டிருக்கிறேன். இங்க்ஜெட் போட்டோ பேப்பரை மட்டும் லேசரில் போடச் சொல்லாதீர்கள். பூச்சு உருகி இயந்திரத்தைப் பழுதாக்கிவிடும்.

அதனால்தான் எந்தப் பிரிண்டரையும் நான் நம்புவதில்லை, சோதனையை நம்புகிறேன். படத்தோடு அதே தாளின் ஓரத்தில் நாலைந்து கோடுகளையும் சேர்த்து அச்சிடுங்கள். காய்ந்தபின், உங்களிடம் உள்ள ஆக மங்கலான மார்க்கரால், அல்லது பிளெண்டரால் (சாயம் இல்லாத, நிறங்களைக் கலக்கும் மார்க்கர்), அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே மூன்று முறை இழுங்கள். முனை சுத்தமாக இருந்தால் தொடங்கலாம். கறுத்தால் உடனே வெறுங்கடதாசியில் தேய்த்து முனையைச் சுத்தமாக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த படத்திலும் அந்தக் கறுப்பு வரும்.

தீட்டும்போது கோட்டை முட்டாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே முனையை நிறுத்திக் கவனியுங்கள்: மை தானாகவே நாரில் பரவி, மெல்ல நகர்ந்து கோட்டடியில் போய் நிற்கும். இதை ஒருமுறை கண்ணால் கண்ட பிள்ளை பிறகு கோட்டில் தேய்ப்பதே இல்லை. மங்கலிலிருந்து அடர்த்திக்குப் போங்கள். ஒரு பூச்சு காயாமல் மற்றதைப் போடாதீர்கள்.

கோட்டைக் காப்பாற்ற ஹெயார் ஸ்பிரே அடிக்கிற பழக்கம் ஒன்று பிள்ளைகளிடம் பரவியிருக்கிறது. வேண்டாம். அந்தப் பிசினும் அல்ககோலில் கரைவதுதான். மார்க்கர் பட்டதும் இளகி, முனையில் ஒட்டி, அதையும் கெடுக்கும். மழைக்கென்று யன்னல்களைச் சாத்திவிட்டுத் தீட்டுவதும் கூடாது. இந்த ஆவி தலையிடி தரும். இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். ஒரு யன்னலாவது திறந்திருக்கட்டும். விளக்கோ நுளம்புச்சுருளோ பக்கத்தில் எரிய வேண்டாம்.

இழுபட்ட கறுப்பை எடுக்க வழியில்லை. பிளெண்டர் அதை இன்னும் பரப்பும். அந்தச் சனிக்கிழமை வேறொன்று செய்தோம். பழுதான படத்தைக் கடையின் கண்ணாடி யன்னலில் ஒட்டி, மேலே புது அட்டையை வைத்து, மழை விட்ட வெளிச்சத்தில் பிக்மா மைக்ரான் பேனையால் அவளே கோடுகளைப் பிரதி எடுத்தாள். அந்த மை காய்ந்தால் அல்ககோலுக்கு அசையாது. அம்மம்மாவின் காதோரத்துச் சுருக்கங்கள் இரண்டை, பிரிண்டில் இல்லாதவை, தானாகச் சேர்த்தாள்.

படம் இப்போது அவர்கள் வீட்டு விறாந்தையில் மாட்டியிருக்கிறது. வெயில் படாத சுவரில் மாட்டச் சொன்னேன், மார்க்கர் சாயம் வெளிச்சத்தில் மங்கும். ஸ்கேன் எடுத்த பிரதி ஒன்று என் கணினியில் இருக்கிறது.