பெயின் கேவ் – மிதிகூடம்

மிதிவண்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து, பின்சக்கரத்தை ஒரு தாங்கியில் பூட்டி, இருந்த இடத்திலேயே மிதித்துப் பயிற்சி செய்யும் அறைக்கு மேலைநாட்டு மிதிவண்டிக்காரர்கள் வைத்த பெயர் ‘பெயின் கேவ்’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வலிக்குகை’. ஐப்பசி பிறந்து மழை இறங்கியதும் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களான மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரைப் பக்கத்து இளைஞர்கள் வாயிலும் இந்தப் பெயர் வந்துவிடுகிறது. சிலர் அறைக்கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பெயர் எந்த மொழியில் இருந்தால் என்ன என்று இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. குகை என்ற சொல்லை நம்பி இந்தக் கடற்கரையில் ஓர் அறையை அமைத்தால் மிதிப்பவர் உடம்புக்கும் கேடு, வண்டிக்கும் கேடு.

முதலில் சொல்லின் வரலாறு. ‘பெயின்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம் இலத்தீன் மொழியின் ‘போயனா’. இலத்தீனில் அதற்குப் பொருள் தண்டனை. அதற்கும் முந்தைய கிரேக்கச் சொல்லான ‘போய்னே’, ஓர் உயிரைக் கொன்றதற்கு ஈடாகச் செலுத்தும் பணத்தைக் குறித்தது. ‘பெனால்ட்டி’யும் இதே வேரில் கிளைத்ததுதான். ஆக, உடல் நோவு என்ற பொருள் பின்னால் வந்தது. தண்டனை என்பதே முதற்பொருள். ‘கேவ்’ என்பது உட்குடைவானது என்று பொருள்படும் இலத்தீன் ‘காவுஸ்’ என்பதிலிருந்து வந்தது. வீட்டில் ஆண்கள் தமக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் தனியறையை ‘மேன் கேவ்’ என்று சொல்லும் வழக்கு 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பரவியது. பெயின் கேவும் அந்த வரிசையில் நிற்கும் பெயர்.

நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. உடம்பு இனி முடியாது என்று சொன்ன பிறகும் ஓடும்போது மனம் போய்ச் சேரும் நிலையை அவர்கள் அப்படி அழைக்கிறார்கள். அமெரிக்க ஓட்டக்காரர் கோர்ட்னி டவால்டர் அந்தக் குகைக்குள் உளியோடு நுழைந்து, அதை மேலும் மேலும் குடைந்து பெரிதாக்குவதாகக் கற்பனை செய்துகொள்வாராம். அங்கே அது மனத்துக்குள் இருக்கும் இடம். நாம் பேசுவது நான்கு சுவரும் ஒரு மின்விசிறியும் உள்ள இடம்.

நின்ற இடத்தில் மிதிப்பதற்கும் தண்டனைக்கும் வரலாற்றிலேயே ஒரு தொடர்பு இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் 1818 வாக்கில் சிறைக் கைதிகளுக்காக ஒரு மிதிசக்கரத்தை வடிவமைத்தார். 1821இல் இலண்டனின் பிரிக்ஸ்டன் சிறையில் அது நிறுவப்பட்டது. ஏற ஏறக் கீழே நழுவும் படிகளில் கைதிகள் மணிக்கணக்கில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1898இல்தான் சட்டம் அதற்கு முடிவுகட்டியது. இன்றைய ‘டிரெட்மில்’ என்ற பெயர் அந்தச் சக்கரத்தினுடையது. ஆனால் அதற்கு முன்பே, 1796இல், பிரான்சிஸ் லௌண்ட்ஸ் என்பவர் ‘ஜிம்னாஸ்டிகான்’ என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். கையாலும் காலாலும் சுழற்றும் அந்தக் கருவி, முடங்கிய கைகால்களுக்குப் பயிற்சி கொடுத்து நலமாக்கச் செய்யப்பட்டது. மிதிக்கும் கருவிகளின் மரபில் தண்டனையும் உண்டு, மருந்தும் உண்டு. பெயின் கேவ் என்று பெயர் வைத்தவர்கள் அறியாமலே தண்டனைப் பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள்.

நம் ஊரில் இதற்கு வேறொரு முன்னோடி இருக்கிறது. தெருவில் வரும் சாணைக்காரரைப் பாருங்கள். வண்டியை இரட்டை ஸ்டாண்டில் ஏற்றுகிறார். பின்சக்கரம் தரையை விட்டு எழுகிறது. இருக்கையில் அமர்ந்து மிதிக்கிறார். சக்கரத்திலிருந்து போகும் வார், முன்னால் பொருத்திய சாணைக்கல்லைச் சுழற்றுகிறது. அரிவாள்மனையின் விளிம்பைக் கல்லில் வைத்ததும் பொறி பறக்கிறது, அந்தக் கணமே மிதி கனக்கிறது, அவர் கால் அழுத்தத்தைக் கூட்டுகிறார். இன்றைய தாங்கிகளில் காந்தமோ மின்னணுவோ கொடுக்கும் எதிர்ப்பை அங்கே அரிவாள்மனை கொடுக்கிறது. வண்டி நகரவில்லை, வேலை நடக்கிறது. அவர் உட்கார்ந்திருப்பது தெருவின் நடுவில், காற்றோட்டத்தில்.

மேலைநாட்டில் இந்தப் பழக்கம் வளர்ந்ததற்கு அங்குள்ள குளிர்காலமே காரணம். பனி மூடிய சாலை, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டிப் படலம், மாலை நான்கு மணிக்கே இருட்டு. ஆகவே நவம்பரிலிருந்து மார்ச் வரை வண்டி வீட்டுக்குள் போகிறது. ‘வின்டர்’ என்பதை நாம் குளிர்காலம் என்று பெயர்த்தாலும், இந்தக் கரைக்குப் பொருந்தும் பழஞ்சொல் ‘கூதிர்’. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மழையும் வாடையும் சேர்ந்து உடம்பை ஒடுக்கும் பருவம் அது. ‘கூதல் அடிக்கிறது’ என்று ஊரில் சொல்கிறோமே, அதில் இன்றும் அந்தச் சொல் உயிரோடிருக்கிறது.

கூதிரில் ராமநாதபுரம் கரையில் வண்டி ஓட்டுவது எளிதன்று. 1988இல் திறந்த பாம்பன் சாலைப்பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். வாடைக்காற்று அதில் பக்கவாட்டில் அறையும். பக்கத்துப் பழைய ரயில் பாலத்தில், 2022 டிசம்பரில் அதில் ரயில் நிற்கும் வரை, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவந்தார்கள். மிதிவண்டிக்காரரைத் தடுமாற வைக்க அதில் பாதி போதும். மற்ற நாட்களில் அடங்கிக் கிடப்பதால் பெண்கடல் என்று ராமேஸ்வரத்தார் அழைக்கும் பாக் நீரிணை, இந்த மாதங்களில்தான் சீறுகிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மழை விட்ட பிறகும் நிம்மதி இல்லை. ஓடைநீர் சாலையில் ஒதுக்கிவிட்டுப் போகும் சீமைக்கருவேல முள் டயருக்குள் இறங்கி, டியூபைத் தொட்டு நிற்கும். ஆகவே வீட்டுக்குள் மிதிப்பது நமக்கும் தேவைதான். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

மறுப்பெல்லாம் குகையில்தான். குளிர்நாட்டுக்காரர் நிலவறையிலோ கார் நிறுத்தும் கொட்டடியிலோ அடைந்துகொண்டால் அந்தக் குளிரே அவரைக் காப்பாற்றும். நம் நிலை வேறு. மனித உடல், தான் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் மிதியில் வேலையாக மாற்றுகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். மிதியில் 150 வாட் விழுந்தால், உடம்பு 450 முதல் 600 வாட் வரை வெப்பத்தை வெளித்தள்ளியாக வேண்டும். சாலையில் எதிர்காற்று அதை வாங்கிக்கொண்டு போய்விடும். மூடிய அறையில் காற்று நகராது. அதோடு கார்த்திகை மாதத்துக் கடற்கரை ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். ஜன்னலைச் சாத்தி, கறுப்பு வண்ணம் அடித்து, சிவப்பு விளக்குப் போட்டு ‘குகை’ அமைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே அரை மணி நேரம் மிதித்தால் தலை சுற்றும். அது உடம்பு விடுக்கும் எச்சரிக்கை; மனவலிமைக்கு வைத்த தேர்வு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டில் தாழ்வாரமோ பட்டாசாலையோ இருந்தால் அதுவே சிறந்த இடம். சாரல் வரும் வடக்கு, கிழக்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் தெற்கையும் மேற்கையும் திறந்துவையுங்கள். மேலே சுழலும் மின்விசிறி போதாது. முன்னால் நெஞ்சுக்கு நேராகக் காற்று வரும்படி ஒரு ஸ்டாண்ட் ஃபேன் வேண்டும். தாங்கியின் கீழே கனமான ரப்பர் விரிப்பு போடுங்கள். ஓலைப்பாய் வியர்வையைக் குடித்துப் பூசணம் பிடிக்கும். மின்வெட்டு மாதம் என்பதால் விசிறி இன்வெர்ட்டரில் ஓட வேண்டும். விசிறி நின்றால் மிதிப்பதையும் நிறுத்திவிடுவதே நல்லது. பழைய ரோட்ஸ்டர் வண்டி வைத்திருப்பவர்கள் தாங்கி வாங்குமுன் பின் அச்சைப் பார்த்துக்கொள்ளுங்கள். நட்டு வைத்து முடுக்கிய அச்சைப் பல தாங்கிகளின் கவ்வி சரியாகப் பிடிக்காது.

துருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏற்கெனவே உப்புக்காற்று வீசும் ஊர். அதன் மேல் வியர்வையின் உப்பும் சேர்கிறது. நெற்றியிலிருந்து சொட்டும் வியர்வை நேராக விழும் இடம் ஹேண்டில்பார் தண்டின் தலை. அங்கே ஆறுமூலைக் குழி வைத்த போல்ட் ஒன்று இருக்கும். அந்தக் குழியில் வியர்வை தேங்கும், காயும், வெள்ளைப் பொடி படியும், மறுநாள் மேலும் தேங்கும். மேலே சின்னச் செம்புள்ளிகளாகத் தெரியும்போதே உள்ளே மரை அரிக்கத் தொடங்கியிருக்கும். தை மாதம் சைக்கிள் கடையில் சாவியைப் போட்டுத் திருப்பினால் மூலைகள் உதிர்ந்து சாவி வழுக்கும். மிதிக்கும்போது ஹேண்டில்பார் மேல் ஒரு துண்டை விரித்துவிட்டு, முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அந்தத் தலையைத் துடைத்து, உலர்ந்த பிறகு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இதைத் தவிர்க்கலாம்.

இனி தமிழ்ச்சொல். ‘வலிக்குகை’ என்பதில் குகை வேண்டாம் என்றேன். ஆனால் ‘வலி’ என்ற சொல்லை எளிதில் தள்ளிவிட முடியாது. தமிழில் வலி என்றால் நோவு மட்டுமா? குறளின் 48ஆம் அதிகாரம் ‘வலியறிதல்’. அங்கே வலி என்றால் வலிமை. நம் கரையில் வலித்தல் என்றால் இழுத்தல். கரைவலை வலிக்கிறார்கள், படகில் தண்டு வலிக்கிறார்கள். நோவு, வலிமை, இழுப்பு மூன்றும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது, கயிற்றைப் பிடித்துக் கரையில் பின்னோக்கி நடப்பவர்களைப் பார்த்தால் விளங்கிவிடும். 2020 டிசம்பரில் மிதிவண்டிக்கான முதல் மின்விளையாட்டு உலகப் போட்டி நடந்தது. வீரர்கள் அவரவர் இடத்தில் தாங்கியில் மிதிக்க, பந்தயம் திரையில் ஓடியது. ஆண்கள் பிரிவில் வென்ற ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன் ஒரு துடுப்புப் படகு வீரர். அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் படகுப்போட்டியில் வெள்ளியும் வென்றார். தண்டு வலித்துப் பழகிய கால்களும் நுரையீரலும்தான் அந்தப் பந்தயத்தை வென்றன. இத்தனை நிறைந்த சொல்லை ஆங்கிலப் ‘பெயின்’ என்பதற்கு வெறும் ஈடாக வைத்தால் மூன்றில் இரண்டு பங்குப் பொருள் வீணாகிவிடும். வலி பெறும் இடம் என்று விளக்கத்தில் சொல்லலாம். பெயரில் வைத்தால் நோவு என்றே கேட்கும்.

‘உடற்பயிற்சிக்கூடம்’ பொதுச்சொல், எடை தூக்கும் இடத்தையும் அதுவே குறிக்கும். ‘மிதியறை’ சுருக்கமாக இருக்கிறது, தவறில்லை. ஆனால் அறை என்றதும் மறுபடி நான்கு சுவர் எழுந்துவிடுகிறது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தார் சைக்கிள் ‘உழக்குவது’ என்பார்கள். அழகான வினை, மிதித்துக் கலக்குதல் என்ற பழம்பொருளும் கெடாமல் இருக்கிறது. நம் பக்கத்தில் அது இன்று பேச்சில் இல்லை என்பதால் ‘உழக்குகூடம்’ என்றால் விளக்கம் தேவைப்படும்.

என் தேர்வு ‘மிதிகூடம்’. கூடம் நம் வீடுகளின் திறந்த நடுப்பகுதி; நாலு பேர் வந்துபோகும், காற்று நுழைந்து வெளியேறும் இடம். பயிற்சி நடக்கும் இடங்களுக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்: பள்ளிக்கூடம், சிலம்பக்கூடம். சிலம்பக்கூடத்தில் அடி படும், தோள் கடுக்கும். ஆனாலும் யாரும் அதற்கு நோவின் பெயரை வைக்கவில்லை. மிதிகூடம் என்று சொல்லிப் பாருங்கள், ஜன்னலைத் திறந்துவைக்க யாரும் தனியாக நினைவூட்ட வேண்டியிருக்காது. ‘டிரெய்னர்’ என்ற கருவிக்குத் ‘தாங்கி’ போதும். மற்றத் தாங்கிகளிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘மிதிதாங்கி’ என்னலாம். மூன்று உருளைகள் மேல் வண்டியைப் பூட்டாமல் வைத்து ஓட்டும் வகைக்கு ‘உருளைத்தாங்கி’.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிதிவண்டி போலவே மிதிகூடமும் வினைத்தொகை: மிதித்த, மிதிக்கின்ற, மிதிக்கும் கூடம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே ‘மிதிக்கூடம்’ என்று இடையில் ஒற்றுப் போடக் கூடாது. மிதிதாங்கிக்கும் இதே விதிதான். உருளைத்தாங்கி பெயரோடு பெயர் சேர்ந்தது என்பதால் அங்கே ஒற்று வரும்.