வளையம் யாருக்கு?

கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு நடந்துபோன வாசகர் ஒருவர் மூன்று படங்களை அனுப்பியிருக்கிறார். பள்ளத்தாக்கை அடைத்த மேகத்தின்மேல் மூன்று நண்பர்களின் நிழல், அவற்றில் ஒன்றைச் சுற்றி வண்ண வளையம். இடமும் நேரமும் ஒன்றுதான். ஆனாலும் யார் படம் எடுத்தாரோ அவருடைய நிழலுக்கு மட்டுமே வளையம் வாய்த்திருக்கிறது. “யார் படம் சரி?” என்று கேட்கிறார். மூன்றும் சரி.

நிழல் பூதாகரமாகத் தெரிவதில் பெரிய மர்மமில்லை. முதுகில் சாய்ந்த வெயில், முன்னால் மேகம். நிழல் மேகத்தின் ஆழத்துக்குள் நீள்கிறது. தொலைவைக் கணிக்க முடியாமல் கண் ஏமாறுகிறது. ஜெர்மனியின் புரோக்கன் மலையில் கண்ட இந்தக் காட்சியை ஜெர்மானிய அறிஞர் சில்பர்ஷ்லாக் 1780இல் விவரித்தார். ‘புரோக்கன் பூதம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நடப்பவர்களுக்கும் சில நாட்களில் இந்தப் பூதம் தரிசனம் தரும்.

வளையம்தான் விஷயம். இதைக் குளோரி என்பார்கள். வானவில்லோடு சேர்த்துவிடாதீர்கள். வானவில் நிழலின் தலையிலிருந்து 42 பாகை விலகி நிற்கும். குளோரிக்கோ ஒளி வந்த வழியே திரும்பியாக வேண்டும். மேகத்துளியின் நட்டநடுவில் புகும் கதிர் அப்படித் திரும்பும், ஆனால் அது சொற்பம். விளிம்பை உரசி நுழையும் கதிர் உள்ளே ஒருமுறை எதிரொளித்து வெளிவரும்போது, முழுத் திருப்பத்துக்குச் சுமார் 14 பாகை குறைகிறது. பள்ளியில் படித்த கதிர்ப்படத்தை எத்தனை முறை வரைந்தாலும் அந்தக் குறை தீராது.

தீர்வு ஒளியின் அலைத்தன்மையில் இருந்தது. டச்சு வானியலாளர் வான் டி ஹுல்ஸ்ட் 1947இல், மீதி 14 பாகையை ஒளி துளியின் மேற்பரப்பை ஒட்டி ஊர்ந்தே கடக்கிறது என்றார். பின்னாளில் பிரேசில் இயற்பியலாளர் நுசென்ஸ்வைக் இன்னும் ஒரு படி மேலே போனார்: துளியைத் தொடாமல் விலகிச் செல்ல வேண்டிய ஒளியும் உள்ளே கசிந்து புகுகிறது, வளையத்தில் அதற்குப் பெரும்பங்கு உண்டு! குவாண்டம் துகள் சுவரை ஊடுருவும் அதே வித்தை, மில்லிமீட்டரில் நூற்றில் ஓரிரு பங்கே உள்ள மேகத்துளியில். மலைப்பாதையில் இதைவிட அழகான இயற்பியல் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

துளியின் விளிம்பு நெடுகிலுமிருந்து திரும்பும் அலைகள் கூடியும் அழிந்தும் வளையங்களாகின்றன. அலைநீளம் அதிகமான சிவப்பு வெளியே, நீலம் உள்ளே. துளி சிறுத்தால் வளையம் பெரிதாகும். துளிகள் ஒரே அளவாக இருந்தால் நிறம் பளிச்சிடும், கலவையாக இருந்தால் வெளுத்துப்போகும்.

ஒளி சூரியனிருக்கும் திசைக்கே திரும்புவதால், அந்தக் கோட்டில் எந்தக் கண் இருக்கிறதோ அதன் நிழலே வளையத்துக்கு மையம். படத்தில் அந்தக் கண் கேமராவின் லென்ஸ். வாசகரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: மையம் தலையில் இல்லை, உயர்த்திப் பிடித்த கைபேசியின் நிழலில் இருக்கிறது. 1730களில் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பிரெஞ்சு அறிவியலாளர் புகேரும் அவருடைய கூட்டாளிகளும் கண்டதும் இதுதான். அவரவர் தலைக்கு மட்டும் வளையம். விமான ஜன்னலிலிருந்து மேகத்தில் குளோரியைப் படமெடுத்தால், விமானத்தின் நிழலில் எந்த இடம் மையமோ அங்கேதான் உங்கள் இருக்கை.

சீனாவின் எமெய் மலையில் இதைப் புத்தரின் ஒளி என்று வணங்கினார்கள். அதில் எனக்குச் சண்டையில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ‘எனக்கு மட்டும் அருள்’ என்று படத்தைப் பரப்புவதுதான் எரிச்சல்.

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் உச்சியில் இருந்த வானிலை நிலையத்தில் 1894இல் தங்கிய இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன், இந்த வளையத்தில் சொக்கி, அதை ஆய்வகத்தில் உண்டாக்கிப் பார்க்கச் செயற்கை மேகம் செய்தார். அது மேக அறையாக வளர்ந்து அணுத்துகள்களின் தடத்தைக் காட்டியது. 1927இல் நோபல் பரிசு. அந்த நிலையத்தையோ பணமில்லை என்று 1904இல் மூடிவிட்டார்கள். ‘இதனால் என்ன பயன்?’ என்று ஆய்வு நிதிக்குக் கணக்குக் கேட்பவர்கள் இந்த மூன்று ஆண்டுகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கலாம்.

வாசகருக்கு ஒரு யோசனை. நிழலின் இருட்டைப் பார்த்துக் கைபேசி தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நிறங்கள் கரைந்துபோகும். திரையில் பளிச்சென்ற மேகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். மூவரும் ஒரே வளையத்துக்குள் வர வேண்டுமென்றால் மேகம் தள்ளிப்போகும்வரை பொறுத்திருங்கள். நிழல்கள் சிறுத்து நெருங்கும்; வளையத்தின் கோண அளவோ துளிகள் மாறாதவரை அப்படியே இருக்கும்.