கிளாரினெட்டில் பேரல் இழுக்கும் முன் உதட்டைக் கவனியுங்கள்

டிசம்பரில் பழுது பார்க்கச் சொல்லி என்னிடம் வரும் கிளாரினெட்கள் பலவற்றில் கோளாறே இருக்காது. சர்ச் கொயர் ஒத்திகை தொடங்கியதும் "சார், கீபோர்டோட சேரவே மாட்டேங்குது, பேடு லீக் ஆகுதா பாருங்க" என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் (துளைகளை மூடும் மெத்தைதான் பேடு).

போன வாரம் வந்த தம்பியின் வாத்தியத்தில் பேரல் (வாய்ப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள குட்டைக் குழாய்) 3 மில்லிமீட்டர் வெளியே நின்றது. விரல் எதுவும் வைக்காமல் ஊதும் ஓபன் ஜி சுத்தமாகச் சேர்ந்தது, கீழ் சுரங்களெல்லாம் ஏறி நின்றன. காரணம் எளிது. ஓபன் ஜியில் ஒலிக்கும் குழலின் நீளம் கிட்டத்தட்ட 25 செ.மீ., மிகக் கீழே உள்ள ஈயில் 58 செ.மீ. பேரலை 1 மி.மீ. இழுத்தால் ஜி சுமார் 7 சென்ட் இறங்கும், ஈ 3 சென்ட்தான் இறங்கும் (100 சென்ட் சேர்ந்தால் ஒரு அரைச்சுரம்). அதனால்தான் ஜியை மட்டும் பார்த்துச் சுருதி சேர்க்காதீர்கள் என்கிறேன். கீபோர்டில் ஏ கொடுக்கச் சொல்லி, நம் பி பிளாட் கிளாரினெட்டில் நடு பியை ஊதிப் பாருங்கள் (இதில் பி ஊதினால் கீபோர்டின் ஏ-தான் கேட்கும்). அது முழுக் குழலும் ஒலிக்கும் சுரம். அது மட்டும் ஏறியிருந்தால் மேல், கீழ்ப் பாகங்கள் சேரும் நடு ஜாயின்ட்டைக் கொஞ்சம் இழுங்கள், பேரலை விட்டுவிடுங்கள்.

அப்புறம் விசாரித்தால் கதை வேறு. ஏசி ஹாலில் பெட்டியைத் திறந்ததுமே சுருதி சேர்த்திருக்கிறான். குளிர்ந்த வாத்தியம் இறங்கித்தான் இருக்கும், அதை ஏற்ற உதட்டால் ரீடை (ஊதும்போது அதிரும் நாணல் தகடு) கடித்திருக்கிறான், பத்து நிமிடத்தில் மூச்சுச் சூட்டில் சுருதி தானாக ஏற, கடியை விடாமல் பேரலை இழுத்திருக்கிறான். கடித்து ஊதினால் நாதம் சுருங்கி மூக்கால் பாடுவது போல வரும். நான் செய்ததெல்லாம் பேரலை உள்ளே தள்ளி, தாடையைத் தளர்த்தச் சொன்னதுதான். பேடு எல்லாம் நன்றாகவே இருந்தது.

முதலில் பத்து நிமிடம் சும்மா ஊதிச் சூடாக்குங்கள். மொபைல் டியூனரைப் பார்த்துக்கொண்டே ஊதாதீர்கள், முள் நடுவுக்கு வர நம் உதடு நமக்கே தெரியாமல் திருட்டு வேலை செய்யும். கண்ணை மூடி ஊதி, சுரம் நிலைத்த பிறகு பாருங்கள்.

பக்கத்தில் புல்லாங்குழல் இருந்தால் இன்னொரு சிக்கல். பலமாக ஊதினால் அது ஏறும், நம்முடையது இறங்கும். மெதுவாக ஊதினால் நேர் எதிர். பாட்டின் உச்சத்தில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போவது பேரலால் தீராது, காதால்தான் தீரும். நம் கிளாரினெட்டில் ஓபன் ஜிக்கு மேலே உள்ள ஏ, பி பிளாட் ஏறினால் வலது கை விரல்களைச் சேர்த்து மூடிப் பாருங்கள், சுருதியும் இறங்கும், நாதமும் கனக்கும்.

பழைய கிளாரினெட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: உடலில் 'எச்.பி.' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கால பேண்டுகள் வைத்திருந்த உயர் சுருதி அது, ஏ 452 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். இன்றைய 440-ஐ விட அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட பாதி அதிகம், குழலே குட்டையாகச் செய்தது. நானும் தெரியாமல் மலிவாகக் கிடைத்ததே என்று ஒன்று வாங்கினேன், பேரல் கழன்று கையில் வரும்வரை இழுத்தும் சேரவில்லை. இப்போது அது கடை அலமாரியில் அழகுக்கு நிற்கிறது.