தீர்ப்பு அரசாணையாகும் வரை

'உயர் நீதிமன்றம் அதிரடி' என்ற தலைப்புள்ள நாளிதழ்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இது எங்களுக்கும் பொருந்தும்தானே?" என்று கேட்டு வருபவர்களை என் வழக்கறிஞர் தொழிலில் அடிக்கடி சந்திக்கிறேன். பல நேரங்களில் அந்தச் செய்தி ஓர் இடைக்கால உத்தரவைப் பற்றியதாகவோ, விசாரணையின் நடுவே நீதிபதி வாய்மொழியாகச் சொன்ன கருத்தாகவோ இருக்கிறது. வாய்மொழிக் கருத்து எவரையும் கட்டுப்படுத்தாது. இடைக்கால உத்தரவோ வழக்கு முடியும்போது தானும் முடிந்துவிடும். ஆகவே, எழுத்து வடிவில் வந்த இறுதித் தீர்ப்பா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

அரசியலமைப்பின் 226-ஆவது உறுப்பு உயர் நீதிமன்றங்களுக்குத் தரும் ரிட் அதிகாரம், அதாவது அரசுக்கும் அதிகாரிகளுக்கும் நேரடியாக ஆணையிடும் அதிகாரம், 32-ஆவது உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு உள்ளதைவிட விரிவானது. அடிப்படை உரிமை மீறப்பட்டால்தான் என்றில்லாமல், நிறுத்தப்பட்ட ஓய்வூதியம், மறுக்கப்பட்ட சாதிச் சான்றிதழ் போன்றவற்றுக்காகவும் இந்தக் கதவைத் தட்டலாம். அரசின் செயலும் சட்டமும் செல்லுமா என்று ஆராயும் இந்த நீதிமுறை மறுஆய்வு அதிகாரம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் சந்திரகுமார் வழக்கில் தீர்ப்பளித்ததால், நாடாளுமன்றம் அரசியலமைப்புத் திருத்தத்தாலும் இதைப் பறிக்க முடியாது.

ஆனால் தீர்ப்பு எழுதப்பட்டதும் வாழ்க்கை மாறிவிடுவதில்லை. சில சமயம் மாற்றம் எதிர்த்திசையிலிருந்தும் வரும். கல்லூரி இடங்களில் ஒவ்வொரு 14 இடங்களையும் சாதி, மத வகுப்புவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாண அரசாணையை 1950-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தமிழகத்தில் எழுந்த கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து, 1951 ஜூனில் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவகுக்கும் 15(4) என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டது. அரசு தோற்ற வழக்கு ஒன்றுதான் இன்றைய இட ஒதுக்கீட்டின் வேர்களில் ஒன்றாயிற்று என்பது, சட்டம் படிக்கிறவர்களுக்கே முதலில் வியப்பாக இருக்கும்.

அண்மைக் காலத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22-இல் அளித்த தீர்ப்பு. ஓர் ஆணும் திருநங்கை ஒருவரும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்திருந்தனர். இந்துத் திருமணச் சட்டத்திலுள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று விளக்கிய நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அத்தோடு நில்லாமல், இடைப்பால் குழந்தைகளுக்கு, அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான உடற்கூற்றில் அடங்காமல் பிறக்கும் குழந்தைகளுக்கு, பால் சீரமைப்பு அறுவை சிகிச்சை செய்வதைத் தடை செய்து அரசாணை வெளியிடவும் உத்தரவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான நிலையை மட்டும் விலக்கி, அந்த அரசாணை வந்தது. தீர்ப்போடு மட்டும் நின்றிருந்தால் அது சட்ட இதழ்களில் படிக்கும் ஒன்றாகவே இருந்திருக்கும். அரசாணையாக மாறியதால்தான் மருத்துவமனை அதைப் பின்பற்றியாக வேண்டியிருக்கிறது. 2021-இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பால் புதுமையினர் (தன்பாலின ஈர்ப்பாளர்கள், திருநர் உள்ளிட்டோர்) குறித்து வழங்கிய வழிகாட்டுதல்களும், மறு ஆண்டு காவலர் நடத்தை விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியாகத்தான் காவல் நிலையத்துக்குள் நுழைந்தன.

எனவே, கீழ்நிலை அலுவலர் தீர்ப்பைப் படித்திருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் மேலிடத்துச் சுற்றறிக்கையைத்தான் படிக்கிறார். அரசாணையோ சுற்றறிக்கையோ வந்திருந்தால் அதன் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, தீர்ப்பின் நகலை இணைத்து மனு கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரிட் மனுக்களில் பெரும் பங்கு, 'மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரங்களுக்குள் சட்டப்படி பரிசீலித்து முடிவெடுக்க' என்ற உத்தரவோடு முடிகின்றன. கட்சிக்காரர் வெற்றி பெற்றதாக எண்ணி இனிப்பு கொடுக்கிறார். நானும் வாங்கிக்கொள்கிறேன்; ஆனால் பரிசீலித்து நிராகரித்தாலும் அந்த உத்தரவு நிறைவேறிவிட்டதாகவே பொருள் என்பதை உடனே விளக்கிவிடுகிறேன். நிராகரித்தால், அந்த நிராகரிப்பு ஆணையை எதிர்த்துப் புதிய மனுதான் வழி. பரிசீலிக்கவே இல்லை என்றால் நீதிமன்ற அவமதிப்பு மனு தாக்கல் செய்யலாம். அவமதிப்பு நிகழ்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு. 'அலுவலகத்தில் நாளை வரச் சொன்னார்கள்' என்று அந்த ஓராண்டைக் கடத்திவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.