களிம்பு தடவும் முன் தோலின் அடுக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

"அரிப்புக்கு ஒரு களிம்பு போட்டேன் டாக்டர், நாலே நாளில் அடங்கிடுச்சு. விட்டதும் முன்னைவிட அதிகமாப் பரவிடுச்சு." தோல் மருத்துவர்கள் எல்லாருக்கும் பழகிப்போன பேச்சு இது. பெரும்பாலும் வந்திருப்பது படர்தாமரை, தடவியது ஸ்டீராய்டு கலந்த களிம்பு.

மேல்தோல், உள்தோல், அடியில் கொழுப்பு என்று தோலுக்கு மூன்று அடுக்குகள். மேல்தோலின் அடிவரிசையில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலேறி, இறந்து, கெரட்டின் என்ற கடினமான புரதம் நிறைந்த செதில்களாக உதிர்வதற்கு ஏறத்தாழ 4 வாரம் ஆகிறது. படர்தாமரைப் பூஞ்சைக்கு இந்தக் கெரட்டின்தான் உணவு. உடலின் எதிர்ப்புச் சக்தி விரட்ட விரட்ட அது வெளிப்பக்கமாக நகரும். அதனால்தான் நடுவில் ஆறியதுபோல இருக்க, விளிம்பு மட்டும் சிவந்து மேடிட்டிருக்கும். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பையே அடக்கிவிடுகிறது. சிவப்பும் அரிப்பும் குறையும், பூஞ்சையோ தடையில்லாமல் வளரும்.

விளிம்பும் மழுங்கிவிடுவதால் பார்த்ததும் இன்னதென்று சொல்ல முடியாது. அப்போது கொஞ்சம் செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்போம். தோல் செல்கள் கரைந்து மங்க, கிளைவிட்ட பூஞ்சை இழைகள் துலக்கமாகத் தெரியும்.

கேடு அதோடு நிற்பதில்லை. ஸ்டீராய்டை நீண்ட நாள் தடவினால் தோல் மெலியும். கண்ணிமையின் மேல்தோல் சுமார் 0.05 மில்லிமீட்டர்தான்; உள்ளங்காலில் 1.5 மில்லிமீட்டர்வரை இருக்கும். காலுக்குக் கொடுத்த மருந்தை இமையில் தடவலாமா? தொடை இடுக்கில் தடவி, உள்தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத நார்கள் சிதைந்து வரிவரியாகத் தழும்பு விழுந்துவிட்டால், பிறகு எந்த மருந்தாலும் அதை முழுதாக மறைய வைக்க முடியாது.

அதற்காக ஸ்டீராய்டே விஷம் என்று ஒதுக்க வேண்டாம். சொரியாசிஸ் என்ற தோல்நோயில், மேல்தோல் செல்களின் அந்த 4 வாரப் பயணம் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுவதால் செதில் தடித்துக் குவிகிறது. அங்கே மருத்துவர் கண்காணிப்பில் ஸ்டீராய்டு நல்ல மருந்து. வெண்புள்ளியில் நிறம் தரும் செல்கள் அழிகின்றன. அது தொற்றவே தொற்றாது, வெண்புள்ளி உள்ளவர்களை ஒதுக்குவது அநியாயம்.

வெளிறிய அல்லது சிவந்த திட்டில் உணர்ச்சி குறைந்திருந்தால் மட்டும் நாளைக் கடத்தாதீர்கள். நரம்பைத் தாக்கும் தொழுநோயாக இருக்கலாம். கூட்டு மருந்துச் சிகிச்சையில் அது முழுதாகக் குணமாகும். ஆனால் தாமதத்தால் கெட்டுப்போன நரம்பு பெரும்பாலும் மீளாது. கால் சிவந்து, சூடாகி, வலியோடு வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால், உள்தோலிலும் கொழுப்பு அடுக்கிலும் பாக்டீரியா பரவும் செல்லுலைட்டிஸாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது, இதுவரை தடவிய களிம்பு எல்லாவற்றையும் ட்யூபோடு எடுத்துச் செல்லுங்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு தடவியிருந்தால் நீங்களாகத் திடீரென நிறுத்த வேண்டாம். எப்படிக் குறைப்பது என்பதை அவரிடமே கேளுங்கள்.