பேட்ச் என்றால் ஒட்டு

“இணைப்புகளை இணைப்பாக அனுப்பாதீர்கள், மடலிலேயே வைத்து அனுப்புங்கள்.”

போன மாதம் ஒரு கையேட்டின் வரைவில் இந்த வரியைப் படித்தேன். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாலேயே ஓடவைக்கும் மெய்நிகராக்க மென்பொருள்களுக்கு நிரல் எழுதிப் பங்களிக்க விரும்பும் புதியவர்களுக்காகச் சிலர் ஆர்வத்தோடு தமிழில் தயாரித்தது. பிழை பார்க்க என்னிடம் வந்தது. அவர்கள் சொல்ல வந்த விதி மிக எளிமையானது. அத்தகைய மென்பொருளான கியூஎமு திட்டத்துக்கு பேட்ச், அதாவது நிரலில் செய்ய வேண்டிய மாற்றத்தைச் சொல்லும் துண்டு, அனுப்புகிறவர்கள் அதைத் தனிக் கோப்பாக மடலோடு கோத்து அனுப்பக் கூடாது. மடலுக்குள்ளேயே வரிவரியாக அது இருந்தால்தான், படிக்கிறவர் அந்தந்த வரிக்கு நேர் கீழே தன் கேள்வியை எழுத முடியும். பேட்சும் ‘இணைப்பு’, மடலோடு கோக்கும் கோப்பும் ‘இணைப்பு’ என்று ஆனதும் விதி காணாமலே போய்விட்டது. புதிதாக வரும் ஒரு பிள்ளை இதைப் படித்து என்ன செய்வான்?

‘பாதுகாப்பு இணைப்பு வெளியீடு’ என்று செய்திகளில் பார்க்கும்போதெல்லாம் முணுமுணுத்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். இந்த முறை எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் பேட்ச் என்பது கிழிசலின் மேல் வைத்துத் தைக்கும் துண்டுத் துணி. கணினித் துறைக்கு அது நேர்ப்பொருளிலேயே வந்து சேர்ந்தது. 1944இல் வேலை தொடங்கிய ஹார்வர்ட் மார்க் 1 கணினிக்கு நிரல் என்பது துளையிட்ட காகித நாடா. துளை தவறிப்போனால் அதன் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மூடுவார்கள். அப்படி ஒட்டுப் போட்ட நாடாவின் படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. நாடா போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. 1970களின் முற்பகுதியில் யூனிக்ஸில் இரு கோப்புகளின் வேறுபாட்டை வரிவரியாகக் காட்டும் டிஃப் கருவி வந்தது. அந்த வேறுபாட்டை எடுத்துப் பழைய கோப்பின் மேல் பொருத்தும் கருவியை 1985இல் லாரி வால் எழுதி, அதற்கு பேட்ச் என்றே பெயர் வைத்தார். அன்றிலிருந்து பேட்ச் என்றால் ஓர் உரைக்கோப்பு. நீங்கும் வரிக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும், சேரும் வரிக்கு முன்னால் கூட்டல் குறி இருக்கும்.

சரி, இதற்குத் தமிழில் என்ன? நம்மிடம் சொல் இல்லாமலா இருக்கிறது? ஒட்டுப் போட்ட வேட்டி, ஒட்டுப் போட்ட குடை, ஒட்டுப் போட்ட சைக்கிள் டியூப். எல்லார் வாயிலும் உள்ள சொல். பஞ்சர் கடையில் நின்றவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த ஓட்டையைச் சுற்றி நாலாபுறமும் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஓட்டையைவிடப் பெரிய ரப்பர்த் துண்டைத்தான் ஒட்டுவார்கள். ஓட்டை அளவுக்கே வெட்டி வைத்தால் பிடிக்காது. நிரல் ஒட்டும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. மாறுகிற வரிகளோடு, மேலே மூன்று, கீழே மூன்று என்று மாறாத வரிகளையும் அது சுமந்து வரும். ஒட்டு எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று கருவி கண்டுபிடிப்பது அந்த வரிகளை வைத்துத்தான். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ‘இணைப்பு’ என்று எழுத மனம் எப்படி வருகிறது?

‘இணைப்பு’ எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். என் ஊகம் இரண்டு. ஒன்று, தொலைபேசி நிலையத்து பேட்ச். இரண்டு முனைகளைக் கம்பியால் சேர்க்கும் வேலைக்கும் ஆங்கிலத்தில் பேட்ச் என்ற சொல் உண்டு. அகராதியில் அந்தப் பொருளைப் பார்த்தவர் அதையே எடுத்துக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, வார இதழோடு வரும் ‘இலவச இணைப்பு’. ஏற்கெனவே இருப்பதோடு கூடுதலாகச் சேர்வது என்று நினைத்திருக்கலாம். ஆனால் இலவச இணைப்பு வந்ததால் இதழின் ஒரு பக்கம்கூடக் குறைவதில்லை. நிரல் ஒட்டில் கழித்தல் வரிகள் உண்டே! நூறு வரிகளை நீக்கிவிட்டு ஒன்றையும் சேர்க்காத ஒட்டுகளை நானே படித்திருக்கிறேன். எதையும் சேர்க்காத ஒன்றை எப்படி ‘இணைப்பு’ என்பது?

இதைவிடப் பெரிய சிக்கல், துறைக்குள்ளே அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை இருப்பது. ஒரு மெய்யான உதாரணம் தருகிறேன். லிப்வெர்ட் என்பது மெய்நிகர்ப் பொறிகளை நிர்வகிக்கும் நிரலகம். அதில் ஒரு பொறிக்கு வட்டு கொடுக்க வேண்டுமென்றால், முன்பெல்லாம் அது பொறியைத் தாங்கும் கணினியிலேயே ஒரு கோப்பாகவோ சாதனமாகவோ தெரிய வேண்டும். 2011 ஜனவரியில் வந்த 0.8.7 பதிப்பில்தான் ‘நெட்வொர்க்’ என்ற வட்டு வகை சேர்ந்தது. செஃப், ஷீப்டாக், என்பிடி போன்ற வலைவழிச் சேமிப்பகங்களில் உள்ள வட்டை, நெறிமுறையின் பெயர், சேவையகத்தின் பெயர், வாயில் (போர்ட்) எண் ஆகியவற்றைக் கொடுத்து நேரடியாகப் பயன்படுத்தலாம் என்று ஆயிற்று. செஃப்பில் முதலில் தொடர்புகொள்ளும் சேவையகமான கண்காணிப்பானுக்கு வழக்கமான வாயில் 6789, என்பிடிக்கு 10809. இந்த வசதி ஒட்டுகளின் வரிசையாகத்தான் வந்தது. இப்படி ஓர் ஒட்டைப் பற்றி நாலு வாக்கியம் பேசிப் பாருங்கள். சேவையகத்தோடு ஏற்படுவது இணைப்பு. ஓடிக்கொண்டிருக்கும் பொறியில் வட்டை மாட்டுவதும் இணைப்பு. ஆவணத்தில் சொடுக்கும் சுட்டியையும் சிலர் இணைப்பு என்கிறார்கள். முடிவில் முதன்மை நிரலோடு சேர்ப்பதும் இணைப்பு. மடலில் கோப்பது முதல் வரியிலேயே வந்துவிட்டது. ஆறாவதாக பேட்சையும் இதன் தலையில் ஏற்றினால்? நான் பார்த்த வரைவில் உண்மையிலேயே இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: “வலை இணைப்பு வழியாக வட்டை இணைக்கும் இணைப்பு, சரிபார்த்தபின் இணைக்கப்படும்.” மூன்று முறை படித்தேன். எழுதியவரிடம் கேட்டேன். அவரும் ஒரு கணம் யோசித்துத்தான் சொன்னார்.

‘இணைப்பு’ நல்ல தமிழ்ச் சொல்தானே, அதைப் போய் ஏன் குறை சொல்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். நல்ல தமிழ்தான். ஆனால் தமிழாக இருப்பது மட்டும் போதாது. சொல்ல வந்ததைச் சொல்லவும் வேண்டும். தவறான இடத்தில் உட்கார்ந்த தூய சொல்லைவிட, ‘பேட்ச்’ என்று கடன் வாங்குவதே மேல் என்பேன். ஆனால் கடன் சொல்லிலும் நமக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. தமிழ் எழுத்தில் பகரம் ஒன்றுதான். ‘2010 பேட்ச்’ என்றால் நமக்கு அது கல்லூரிக் கூட்டாளிகள். தொகுதியும் பேட்ச், ஒட்டும் பேட்ச். ‘ஐந்து பேட்ச் அனுப்பினேன்’ என்றால் ஐந்து ஒட்டுகளா, ஐந்து கட்டுகளா? வாயில் வேறுபடுவது தாளில் வேறுபடவில்லை.

‘திருத்தம்’ என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பிழையைச் சரிசெய்யும் ஒட்டுக்கு அது பொருந்தும். செஃப் கடவுச்சொல் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லிப்வெர்ட் அந்தக் கடவுச்சொல்லை கியூஎமுவின் கட்டளை வரியிலேயே வைத்து ஓட்டியதால், அதே கணினியில் கணக்கு வைத்திருக்கும் யாரும் ஓடும் நிரல்களின் பட்டியலைப் போட்டால் அது கண்ணில் பட்டது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2015-5160 என்ற எண்ணில் பதிவான ஓட்டை அது, 2.2 பதிப்பில் அடைத்தார்கள். அது திருத்தம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வலைவழி வட்டு என்ற புது வசதியைச் சேர்த்த ஒட்டு எதைத் திருத்தியது? எதையும் இல்லை. திருத்தம் என்பது ஒட்டுகளில் ஒரு வகை.

‘ஒட்டு’ மேல் உள்ள குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வெட்டி ஒட்டுவதில் வரும் ‘ஒட்டு’ ஏற்கெனவே பட்டியல்களில் இருக்கிறதே என்பார்கள். அது வினை, ஏவல். இது பெயர், வினையாக வேண்டும்போது ‘ஒட்டுப் போடு’. முன்னொட்டு, பின்னொட்டு என்று இலக்கணத்தில் இதே பெயரைக் குழப்பமில்லாமல் புழங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். ‘ஓட்டுப் போடு’ என்று காதில் விழுகிறதே என்று ஒரு நண்பர் சொன்னார். கொடு, கோடு என்று குறில் நெடிலைப் பிரித்துக் கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை, இதையும் பிரித்துக்கொள்ளும். அப்புறம், ஒட்டு என்றால் ஏழ்மை வாடை அடிக்கிறது என்ற குறை. இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஆங்கிலச் சொல்லும் கிழிந்த கால்சட்டையின் முட்டியிலிருந்து வந்ததுதான். அவர்கள் கூச்சப்படவில்லை. நாம் மட்டும் ஏன் வீட்டில் பேசும் சொல்லைக் கணினிக்கு முன் கொண்டுவரக் கூச வேண்டும்?

அடுத்து ‘ரிவ்யூ’. அந்த வரைவில் ‘விமர்சனம்’ என்று இருந்தது. விமர்சனம் படம் வெளிவந்த பிறகு எழுதுவது. ஒட்டைப் பார்க்கும் வேலை, அது உள்ளே போவதற்கு முன்னால் நடப்பது. வட்டு வகையைச் சேர்த்தாயே, பொறியின் அமைப்பை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் எக்ஸ்எம்எல் இலக்கணக் கோப்பில் அதை எழுதினாயா? ஆவணம் எங்கே? சோதனை எங்கே? வரிசையில் உள்ள ஒவ்வோர் ஒட்டும் தனியாகப் போட்டாலும் நிரல் தொகுபடுமா (கம்பைல் ஆகுமா)? இப்படிக் கேட்டுக் கேட்டு, இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று எழுதவைத்துச் சீராக்குவது. நீதிமன்றச் செய்திகளில் ‘சீராய்வு மனு’ என்று படிக்கிறோமே, அந்தச் ‘சீராய்வு’ இங்கே அப்படியே பொருந்தும். ஒட்டுச் சீராய்வு, சீராய்வாளர், ‘சீராய்ந்தவர்’ என்று அடியில் ஒரு கையொப்ப வரி. ‘சரிபார்ப்பு’ என்றால் சோதனை ஓட்டுவதோடு குழம்பும்.

மொழிபெயர்ப்பவர்களை மட்டும் குறை சொல்லவில்லை. அவர்களிடம் சொற்பட்டியலை இரண்டு பத்திகளாகக் கொடுக்கிறார்கள், வாக்கியமே இருப்பதில்லை. ஓர் ஒட்டைக் கண்ணால் பார்க்காமல் அதற்குப் பெயர் வைக்கச் சொன்னால் அகராதியின் முதல் பொருளைத்தான் எடுப்பார்கள். ஆனால் அந்தப் பட்டியலை வாங்கி அப்படியே அடுத்த மென்பொருளுக்கும் அதற்கடுத்ததற்கும் நகலெடுக்கிறார்களே, அதற்கு என்ன சமாதானம்? இதே கையேட்டில் மூலநிரல் இருக்கும் இடமும் ‘களஞ்சியம்’, வட்டுகள் இருக்கும் சேமிப்பகமும் ‘களஞ்சியம்’. ஒட்டு எந்தக் களஞ்சியத்துக்குப் போகிறது? ‘மெய்நிகர்’ என்ற சொல்லைப் பாருங்கள். மாயம் என்று சொல்லாமல், மெய்க்கு நிகர் என்று யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். மெய்நிகர்ப் பொறி மாயமில்லை, அது உண்மையில் வேலை செய்கிறது. பொருளை அறிந்தவர் வைத்த பெயர் அது. அந்த அக்கறை மற்ற சொற்களுக்கும் கிடைத்திருக்கலாம்.

வரைவைத் திருத்தி அனுப்பினேன். “ஒட்டுகளைக் கோப்பாகக் கோத்து அனுப்பாதீர்கள், மடலிலேயே வைத்து அனுப்புங்கள்.” அந்த நாலு இணைப்பு வாக்கியம் இப்படி ஆயிற்று: “வலைவழி வட்டை மாட்ட உதவும் ஒட்டு, சீராய்வு முடிந்தபின் முதன்மை நிரலில் சேரும்.” எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவனிடம் படிக்கக் கொடுத்தேன். அதில் பயிற்சிக்காக, செஃப் வட்டின் முகவரியை உருவாக்கும் ஓர் ஒட்டைப் பிழையோடு வைத்திருந்தார்கள். அந்த முகவரியில் புலங்களைப் பிரிப்பது முக்காற்புள்ளி. ஆகவே சேவையகப் பெயருக்கும் வாயில் எண்ணுக்கும் நடுவில் வரும் முக்காற்புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும், இல்லையென்றால் கியூஎமு அங்கேயே வெட்டிவிடும். தம்பி எந்தச் சொல்லுக்கும் பொருள் கேட்கவில்லை. இரண்டு நிமிடம் படித்துவிட்டு, “அண்ணே, இந்த ஒட்டுல 6789க்கு முன்னாடி பின்சாய்கோடு விட்டுப்போயிருக்கே?” என்றான்.